பாடநூலிலிருந்து டார்வினை நீக்கியவர்கள் பாதிரியார்கள் அல்லர்

டார்வின் என்ற பெயரைக் கேட்டதும் நம் தோழர்கள் பலருடைய நினைவில் எழுவது கிறித்தவத் திருச்சபைதான். 1860இல் ஆக்ஸ்போர்டில் பேராயர் வில்பர்போர்ஸும் ஹக்ஸ்லியும் மோதிக்கொண்டது, 1925இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியர் பரிணாமத்தைக் கற்பித்தமைக்காகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது, ஆதாம் ஏவாள், ஆறு நாள் படைப்பு என்று அரசியல் வகுப்புகளில் நாம் அடுக்கிச் சொல்லும் சான்றுகள் யாவும் அத்திசையிலிருந்தே வருகின்றன. ஆனால் நம் நாட்டில், நம் கண்முன்னே, பத்தாம் வகுப்பு மாணவரிடமிருந்து பரிணாமக் கொள்கையைப் பறித்தது எந்தத் திருச்சபையும் அன்று. கொரோனாவுக்குப் பிறகு பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று காரணம் சொல்லி, என்.சி.இ.ஆர்.டி. நிறுவனமே அதைச் செய்தது. மரபும் பரிணாமமும் என்றிருந்த பாடம் மரபு என்று சுருங்கியது. தனிம வரிசை அட்டவணையும், மக்களாட்சி குறித்த பகுதிகளும் அதே கத்தரிக்கு இரையாயின. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டுக் கண்டனம் தெரிவித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பாடம் இருக்கிறதே என்பதே அதற்குக் கிடைத்த மறுமொழி. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலை எடுத்துப் படிப்பவர் எத்தனை பேர்? வணிகவியலுக்குப் போகிறவரும், பத்தாம் வகுப்போடு வேலைக்குப் போகிறவரும் இனி வாழ்நாளில் ஒருமுறைகூட அப்பாடத்தின் பக்கத்தைத் திறக்கப் போவதில்லை.

மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டத்தில் இதற்கு நேர்மாறான நிலை. 2018இல் வெளிவந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் இரண்டாம் பகுதி மரபும் பரிணாமமும் என்ற பாடத்துடன்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு நூலிலும் அது இருக்கிறது. ஆகவே தாராவியில் மாநிலப் பாடத்திட்டத்தில் பயிலும் ஒரு தோல் தொழிலாளியின் மகள் இதைப் படிக்கிறாள். பெருங்கட்டணம் வாங்கும் சி.பி.எஸ்.இ. பள்ளியில் பயிலும் பிள்ளை படிப்பதில்லை. ஏழைக்கு எஞ்சியிருக்கும் அரிய நன்மைகளுள் ஒன்று இது. எல்லா மாநிலங்களும் ஒன்றியத்தின் பாடநூலையே பின்பற்ற வேண்டும் என்ற அழுத்தம் பெருகிவரும் வேளையில், இது எத்தனை ஆண்டுகள் நீடிக்கும் என்பதே கேள்வி.

இவ்விவகாரத்தில் நம் மும்பைக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. 2014 அக்டோபரில் பிள்ளையாரின் யானைத் தலையை ஒட்டறுவைச் சிகிச்சைக்கும் கர்ணனின் பிறப்பை மரபணு அறிவியலுக்கும் சான்றாகப் பிரதமர் எடுத்துக்காட்டியது இந்நகரின் ரிலையன்ஸ் அறக்கட்டளை மருத்துவமனை விழாவில்தான். வேதகால விமானங்களைப் பற்றிய கட்டுரை இந்திய அறிவியல் மாநாட்டில் அரங்கேறியது 2015 ஜனவரியில், மும்பைப் பல்கலைக்கழகத்தின் கலீனா வளாகத்தில். மூன்றாண்டு கழித்து ஔரங்காபாத்தில் நடந்த வைதிக மாநாட்டை ஒட்டி, அப்போதைய ஒன்றியக் கல்வித்துறை இணையமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல்படி தவறானது என்றார். குரங்கு மனிதனாக மாறியதைக் கண்டதாக நம் முன்னோர் எவரும் சொல்லவோ எழுதவோ இல்லை என்பது அவர் காட்டிய காரணம். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் கூட்டறிக்கை விட்டு மறுத்தன. மும்பைவாசிகளுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2012 முதல் 2014 வரை இம்மாநகரின் காவல்துறை ஆணையராக இருந்தவர். நேரில் கண்ட சாட்சி ஒருவரும் இல்லாத குற்றத்தைத் தடயங்களைக் கொண்டு நிறுவுவதே தொழிலாக இருந்த துறையின் தலைவர், புதைபடிவங்களும் மரபணுவும் தடயங்களாகக் குவிந்து கிடக்கும் ஒரு வழக்கில் கண்ணால் கண்ட சாட்சியைக் கேட்டார்!

அவருடைய கேள்வியை நாம் எள்ளி நகையாடிவிட்டுப் போகலாம். ஆனால் அதே கேள்வி வேறொரு வடிவில் நம் வீதிகளிலும் கேட்கப்படுகிறது: மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் இன்றுள்ள குரங்குகள் ஏன் மனிதராகவில்லை? தாராவியின் செப வீடுகளில் கைமாறும் தமிழ்த் துண்டறிக்கைகளிலும் இதுவே முதல் கேள்வி. இதற்கு விடை சொல்லத் தெரியாமல் தடுமாறும் தோழர்கள் உண்டு. தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு எளிதாகத் தோன்றும் விடை மொழியியலிலிருந்து வருகிறது. தமிழும் தெலுங்கும் ஒரு மூலத்திலிருந்து பிரிந்தவை என்கிறோம். தெலுங்கு ஏன் இன்னும் தமிழாகவில்லை என்று எவரும் கேட்பதில்லை. மனிதனும் சிம்பன்சியும் ஏறத்தாழ 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதையிடமிருந்து பிரிந்த கிளைகள். இன்றைய குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி.

இந்த ஒப்புமை என் கண்டுபிடிப்பன்று. 1871இல் வெளிவந்த மனிதனின் வழித்தோற்றம் பற்றிய நூலில் டார்வினே மொழிகள் உருவாவதையும் உயிரினங்கள் உருவாவதையும் இணைவைத்துப் பேசியிருக்கிறார். திராவிட மொழிகள் ஒரு குடும்பம் என்பதை விரிவாக நிறுவிய ஒப்பிலக்கணமோ டார்வினின் உயிரினங்களின் தோற்றத்துக்கு மூன்றாண்டு முன்னரே, 1856இல், வெளிவந்துவிட்டது. அதை எழுதியவர் இடையன்குடியில் சமயப் பணியாற்றிய பாதிரியார் இராபர்ட் கால்டுவெல். சாதிகளைப் பற்றிய அவருடைய எழுத்தில் குறைகள் பல உண்டு, அது வேறு கட்டுரைக்கு உரியது. ஆனால் பாபேல் கோபுரத்தில் கடவுள் மொழிகளைத் தாறுமாறாக்கினார் என்ற விவிலியக் கதையைப் படித்த அம்மனிதர், நம் மொழிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது ஒலிகளையும் விகுதிகளையும் ஒப்பிட்டார். சான்று காட்டிய வழியே போனார். அன்று அவர் நடந்து திரிந்த நெல்லைச் சீமையின் தேரிக்காட்டு ஊர்களிலிருந்து புறப்பட்ட குடும்பங்களின் வழிவந்தோர் பலர் இன்று தாராவியில் வாழ்கிறார்கள். சிலுவை தரித்த எவரும் அறிவியலுக்குப் பகைவர் என்று அவர்களிடம் போய்ச் சொல்வது வரலாற்றுக்கும் பொருந்தாது, அரசியலுக்கும் உதவாது.

மரபியலின் தந்தை மெண்டல் பிர்னோ நகரத்து அகுஸ்தீன் சபைத் துறவி. பட்டாணிச் செடிகளை அவர் ஆய்ந்தது மடத்துத் தோட்டத்தில். அண்டம் ஒரு தொடக்கத்திலிருந்து விரிந்துகொண்டிருக்கிறது என்ற கருத்தை முன்வைத்த லெமேத்தர் பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு. இந்நகரின் தூய சவேரியார் கல்லூரியிலுள்ள உலர்தாவரத் தொகுப்பு இன்றும் பிளாட்டர் என்ற இயேசு சபைத் துறவியின் பெயரையே தாங்கி நிற்கிறது. தமிழ்நாட்டுத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை ஆக்கிய அருட்தந்தை மேத்யூவும் அச்சபையினர்தாம். நிறுவனம் என்ற வகையில் கத்தோலிக்கத் திருச்சபை இவ்விடத்துக்கு மெல்லவே வந்து சேர்ந்தது. 1950இல் பன்னிரண்டாம் பயஸ் மனித உடலின் தோற்றம் குறித்த ஆய்வுக்குத் தடையில்லை என்று எச்சரிக்கையோடு கதவைச் சற்றே திறந்தார். 1996இல் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என ஒப்புக்கொண்டார். கடவுளை மந்திரக்கோல் ஏந்திய மாயவித்தைக்காரராக எண்ணிவிடக் கூடாது என்று போப் பிரான்சிஸ் பேசியது 2014 அக்டோபரில். மும்பை மருத்துவமனை விழாவில் நம் பிரதமர் பேசியதும் அதே மாதத்தில்தான் என்பதை நாட்காட்டியில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்பதில் திருச்சபை இன்னும் உறுதியாக நிற்கிறது. பொருள்முதல்வாதிகளாகிய நாம் அதை ஏற்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கருத்து வேறுபாடு பத்தாம் வகுப்புப் பாடநூலின் ஒரு வரியைக்கூடத் தொடுவதில்லை.

அப்படியானால் தாராவியில் கைமாறும் துண்டறிக்கைகள்? அவற்றின் ஊற்று உரோமாபுரியிலும் இல்லை, இடையன்குடியிலும் இல்லை. பூமியின் வயது ஆறாயிரம் ஆண்டு, பாறை அடுக்குகள் யாவும் நோவா காலத்து வெள்ளத்தில் படிந்தவை என்னும் வாதம் அறிவியல் உடை அணிந்து பரவத் தொடங்கியது 1961இல் அமெரிக்காவில் வெளியான ஒரு நூலுக்குப் பின்புதான். நீதிமன்றங்கள் அதைப் பள்ளிக்குள் விடவில்லை என்றானதும் பெயரை மாற்றிக்கொண்டு, அறிவார்ந்த வடிவமைப்பு என்று மறுபடி வந்து கதவைத் தட்டினார்கள். 2005இல் பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் நகரில் அதையும் நீதிபதி ஜோன்ஸ் அப்புறப்படுத்தினார். அவர் குடியரசுக் கட்சி அதிபர் புஷ்ஷால் நியமிக்கப்பட்டவர். அவ்வழக்கில் பரிணாமத்தின் பக்கம் நின்று சாட்சியம் அளித்தவர்களுள் கென்னத் மில்லர் என்ற கத்தோலிக்க உயிரியலாளரும், ஜான் ஹாட் என்ற கத்தோலிக்க இறையியலாளரும் இருந்தார்கள். படைப்புவாதம் கிறித்தவத்தின் குரல் என்று நாம் பேசினால், அந்த வலதுசாரிப் பரப்புரையாளர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை நாமே வழிமொழிந்தவர்கள் ஆவோம்.

ஸ்கோப்ஸ் வழக்கையும் சற்றே நின்று பார்க்க வேண்டும். அரசுத் தரப்பில் டார்வினை எதிர்த்து வாதிட்ட பிரையன் வெறும் பழமைவாதி அல்லர். பெருமுதலாளிகளை எதிர்த்து மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்று தோற்றவர். எளியவரை வலியவர் மிதிப்பதற்கும் உலகப் போருக்கும் டார்வினின் பெயரால் நியாயம் கற்பிக்கப்படுவதைக் கண்டு அஞ்சியவர். அறிவியலைப் பற்றிய அவருடைய முடிவு தவறு. ஆனால் அந்த அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது. வழக்குக்கு உள்ளான உயிரியல் பாடநூலிலேயே வெள்ளை இனத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்த படிநிலையும், சந்ததி மேம்பாடு என்ற பெயரில் ஏழைக் குடும்பங்கள் பெருகுவதைத் தடுக்கும் யோசனையும் இடம்பெற்றிருந்தன. டார்வினின் நூலில் அவர் காலத்து இங்கிலாந்தின் போட்டிச் சமூகமே விலங்குகள், செடிகொடிகளின் நடுவே மீண்டும் தோன்றுவதை மார்க்ஸ் 1862இலேயே ஏங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில் சுட்டிக்காட்டியிருக்கிறார். அதற்காக அவர் அந்நூலைத் தூக்கி எறியவில்லை. இயற்கை வரலாற்றில் தங்கள் பார்வைக்கு அது அடிப்படை தருகிறது என்றும் அவரே எழுதினார். மூலதனத்தை டார்வினுக்குக் காணிக்கையாக்க மார்க்ஸ் விரும்பினார் என்று நம் மேடைகளில் இன்றும் சொல்லப்படுவது கட்டுக்கதை. காணிக்கையை மறுத்து டார்வின் 1880இல் எழுதிய கடிதம் எட்வர்ட் அவெலிங்குக்கு உரியது. 1873இல் மார்க்ஸ் ஒரு படி அனுப்பியதும், டார்வின் நன்றி தெரிவித்து எழுதியதும் மட்டுமே உண்மை.

இங்கே மொழிபெயர்ப்பாளன் ஒருவனின் புலம்பலையும் பொறுத்தருள வேண்டும். தகவமைந்தது தங்கும் என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடரை வல்லவன் வாழ்வான் என்று தமிழில் யார் முதலில் எழுதினாரோ தெரியாது. பட்டிமன்றத்திலிருந்து பள்ளி ஆண்டுவிழா வரை அதுவே டார்வினின் கொள்கையாக உலவுகிறது. அத்தொடர் டார்வினுடையதே அன்று. 1864இல் ஸ்பென்சர் ஆக்கியது, தம் நூலின் 1869ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் டார்வின் அதைச் சேர்த்துக்கொண்டார். சூழலுக்குப் பொருந்துவது எஞ்சும் என்பதில் வலிமைக்கு என்ன வேலை? டைனோசரைவிட வலிய விலங்கு உண்டா? வல்லவன் வாழ்வான் என்பது உயிரியல் இல்லை, முதலாளியின் நாட்குறிப்பு. பரிணாமம் என்ற சொல்லிலும் எனக்கு மனக்குறை உண்டு. பால் தயிராவதுபோல ஒன்று முழுதும் வேறொன்றாகத் திரிவதற்கு வடமொழித் தத்துவ நூல்கள் வழங்கிய சொல் அது. குரங்கு மனிதனாக மாறிற்று என்ற மயக்கத்தைச் சொல்லே ஊட்டிவிடுகிறது. ஈழத்துப் பாடநூல்கள் கூர்ப்பு என்று எழுதுகின்றன. உள்ளது மேன்மேலும் மிகுதல் என்று தொல்காப்பியம் பொருள் காட்டும் உரிச்சொல்லை ஒட்டிய ஆக்கம் அது. எனக்கு அதுவே உகந்ததாகப் படுகிறது.

தொல்காப்பியம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தசாவதாரம்தான் பரிணாமம் என்று 2019 அறிவியல் மாநாட்டில் ஒரு துணைவேந்தர் பேசியபோது நாமெல்லாம் கண்டித்தோம். மீன், ஆமை, பன்றி, நரசிங்கம் என்ற வரிசையைப் பரிணாமத்தோடு பொருத்துவது பண்டைய அறிவு அன்று. டார்வின் நூல் வந்த பிறகு, 1877இல் பிளாவட்ஸ்கி அம்மையாரும், 1882இல் கல்கத்தாவில் கேசவ சந்திர சென்னும் செய்த பொருத்தம் அது. கேசவ சந்திரர் அதைச் சொன்னது கிறித்தவத் திரித்துவத்தைப் பற்றிய சொற்பொழிவில் என்பதை இன்றைய இந்துத்துவப் பேச்சாளர்கள் அறிந்தால் என்ன செய்வார்களோ! ஆனால் மாட்டுங்காவின் சபாக்களில் இதைக் கேட்டு நகைக்கும் நம்மவர், அடுத்த வாரம் செம்பூரில் நடக்கும் தமிழ் விழாவில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பியரே முதல் பரிணாமவியலார் என்று ஒருவர் முழங்கும்போது கைதட்டுகிறார்கள். தொல்காப்பியர் செய்தது வகைப்பாடு, வியக்கத்தக்க வகைப்பாடு. ஓருயிர் இன்னோர் உயிராகக் கிளைத்தது என்று அவர் சொல்லவில்லை. மாணிக்கவாசகர் புல் முதல் தேவர் வரை அடுக்கிக் காட்டுவது ஓர் ஆன்மா எடுத்த பிறவிகள். அவர்களைப் பெருமைப்படுத்த அவர்கள் சொன்னதே போதும். தமிழில் டார்வினை உழைக்கும் மக்களிடம் கொண்டுசென்ற பெருமை உண்மையில் யாருக்கு உரியது? தோழர் சிங்காரவேலருக்கு. குடி அரசிலும், 1935இல் அவரே தொடங்கிய புது உலகத்திலும் அவர் எழுதிய அறிவியல் கட்டுரைகளை நம் கிளைகளில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

இனி, இந்நகரத்துக் கதைக்கு வருகிறேன். 2012 மார்ச்சில் விலேபார்லே மேற்கில், இர்லாவிலுள்ள வேளாங்கண்ணி மாதா ஆலயத்துச் சிலுவையில் இயேசுவின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. மக்கள் திரண்டனர், அந்நீரைப் பிடித்துச் சென்றனர். தொலைக்காட்சி ஒன்றின் அழைப்பில் வந்த இந்தியப் பகுத்தறிவாளர் சங்கத் தலைவர் சனல் எடமருகு, அடைபட்ட கழிவுநீர்க் குழாயருகிலிருந்து ஈரம் நுண்புழைகளின் வழியே சுவரிலும் சிலையிலும் ஏறியிருப்பதைக் கண்டு சொன்னார். அற்புதங்களைத் திருச்சபை விற்பனை செய்கிறது என்ற பொருளில் தொலைக்காட்சி விவாதத்தில் அவர் பேசியது கத்தோலிக்க அமைப்புகளைச் சினமூட்டியது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295அ பிரிவில் புகார்கள் குவிந்தன. முன்பிணை கிடைக்கவில்லை. அவ்வாண்டே அவர் பின்லாந்துக்குப் போய்விட்டார்.

அப்போது நம் இயக்கத்திலும் இருவகைப் பேச்சுகள் எழுந்தன, இன்றும் எழுகின்றன. சிறுபான்மையினர் தாக்கப்படும் காலத்தில் அவர்கள் மனத்தைப் புண்படுத்தும் பகுத்தறிவு நமக்கு எதற்கு என்பது ஒன்று. மதம் எல்லாமே மூடத்தனம், தயவு தாட்சணியம் எதற்கு என்பது மற்றொன்று. முதலாவது கேட்பதற்கு நல்லிணக்கம்போல ஒலிக்கிறது. ஆனால் 295அ என்னும் அந்தச் சட்டம் யாருக்கும் நிரந்தர நண்பன் இல்லை. 1927இல் ஆங்கிலேயர் இயற்றிய அப்பிரிவு இன்று பாரதிய நியாய சங்கிதையில் 299 என்ற எண்ணோடு அப்படியே வாழ்கிறது. இன்று ஒரு பகுத்தறிவாளர்மீது பாதிரியார் கையில் எடுக்கும் அந்தக் கோல், நாளை பாதிரியாரின் முதுகைத் தேடி வரும். பெரும்பான்மையின் கை நீளமானது. சனல் எடமருகுவின் வழக்கில் அவர் பக்கம் நிற்பதற்குக் கத்தோலிக்கரோடு பகைக்க வேண்டியதில்லை. வழக்கைத் திரும்பப் பெறுமாறு அவர்களிடமே கேட்க வேண்டும், தோழமையோடு, ஒளிவுமறைவின்றி. நம் மாநிலத்தில் தபோல்கரும் தோழர் பன்சாரேயும் சுட்டுக் கொல்லப்பட்ட பின்பும் நாம் இதில் குரல் தாழ்த்திப் பேசுவதற்கு நியாயம் இல்லை.

இரண்டாவது பேச்சுக்கு மறுமொழி பாந்த்ராவில் இருக்கிறது. திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்டின் ஆதிவாசிகளோடு வாழ்ந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி, 2021 ஜூலை 5 அன்று தமது 84ஆம் வயதில் அங்குள்ள திருக்குடும்ப மருத்துவமனையில் விசாரணைக் கைதியாகவே உயிர்நீத்தார். நடுக்குவாத நோயால் கோப்பையைப் பிடிக்க இயலாத கையோடு, தளோஜா சிறையில் உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தவர் அவர். விசுவாசமே அவரை அந்த மக்களிடம் கொண்டுபோயிற்று. அவரிடம் போய் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைப் பற்றி வாதம் செய்ய நமக்கு என்ன அவசரம்? 1909இல் லெனின் எழுதிய கட்டுரையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வேலைநிறுத்தம் நடக்கும் ஓரிடத்தில் கோயிலுக்குப் போகும் தொழிலாளரும் போகாத தொழிலாளரும் ஒன்றாய் நிற்கையில், நாத்திகப் பரப்புரையால் அவர்களைப் பிரிப்பவர் முதலாளிக்கும் பாதிரிக்குமே உதவுகிறார் என்பது அதன் சாரம். கட்சியின் பொருள்முதல்வாதத்தை மறைக்கச் சொல்லவில்லை அவர். எந்த நேரத்தில் எதை முன்னே வைப்பது என்பதைச் சொன்னார்.

நாமே அறிவியலின் ஒரே காவலர் என்ற இறுமாப்பும் நமக்குப் பொருந்தாது. மெண்டலின் மரபியல் முதலாளித்துவக் கற்பனை என்று 1948 ஆகஸ்டில் சோவியத் வேளாண் அறிவியல் கழகத்தில் தீர்ப்பெழுதியவர் லைசென்கோ. பயிர்களின் பிறப்பிடங்களைத் தேடி உலகெங்கும் அலைந்து விதைகளைச் சேர்த்த வாவிலோவ் அதற்கு ஐந்தாண்டு முன்பே சரத்தோவ் சிறையில் மாண்டிருந்தார். பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் புகழ்மிக்க அறிவியலாளர் ஹால்டேன் கட்சியை விட்டு விலகுவதற்கு லைசென்கோ விவகாரமே முதன்மைக் காரணம்; 1957இல் அவர் நம் நாட்டுக்கு வந்து, இங்கேயே வாழ்ந்து, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார். உயிரியலில் பரிணாமத்தின் ஒளி இன்றி எதற்கும் பொருளில்லை என்று 1973இல் எழுதிய டாப்ஷான்ஸ்கி, சோவியத் நாட்டிலிருந்து சென்ற கிறித்தவ விசுவாசி. துறவியின் பட்டாணிச் செடியை மார்க்சியத்தின் பெயரால் பிடுங்கி எறிந்த வரலாறு நமக்கு இருக்கிறது. அதிகாரம் பாடநூலைத் திருத்தும்போது என்ன விளைகிறது என்பதைப் பிறரைவிட நாம் நன்கு அறிந்திருக்க வேண்டும்.

அறிவியலின் பெயரைக் கேட்டவுடன் கைகுவிப்பதும் வேண்டாம். செம்பூரை அடுத்த ஜனதா காலனியில் தமிழர் திரளாக வாழ்ந்தார்கள். 1976இல், அவசரநிலைக் காலத்தில், அணுசக்தி நிலையத்தின் தேவைக்கென்று அக்குடியிருப்பு இடிக்கப்பட்டு, மக்கள் சதுப்பு நிலத்துக்கு, இன்றைய சீட்டா கேம்ப்புக்கு, விரட்டப்பட்டார்கள். கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் அதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார். அணுவைப் பிளக்கும் அறிவு குடிசையையும் பெயர்க்கும் என்பது செம்பூர்த் தமிழனுக்குத் தெரியும்.

ஆயினும் டார்வின் விட்டுக்கொடுக்க முடியாதவர். ஏன் என்று கேட்கும் தோழருக்குக் குரங்கைக் காட்ட வேண்டாம். காசநோய் மாத்திரையைக் காட்டுங்கள். இர்லாவில் சிலுவை சொட்டுவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2012 ஜனவரியில், தாராவிக்கு அடுத்த மாகிமின் இந்துஜா மருத்துவமனையிலிருந்து ஒரு செய்தி உலகெங்கும் போயிற்று: அங்கு சோதித்த மருந்துகள் எதற்கும் கட்டுப்படாத காசநோய். அச்செய்திக்குப் பின்னால் இருப்பது இயற்கைத் தேர்வைத் தவிர வேறன்று. கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒருசில தற்செயலாக மருந்தைத் தாங்கும் தன்மையோடு பிறக்கின்றன. மாத்திரை மற்றவற்றைக் கொல்கிறது. இருமல் நின்றதும், நாட்கூலியை இழக்க முடியாத தொழிலாளி மருந்தையும் மருத்துவமனை வரிசையையும் விட்டுவிடுகிறார். தாங்கி நின்றவை பெருகுகின்றன. காற்றும் வெளிச்சமும் புகாத அறையில் அடுத்தவர் நெஞ்சில் குடியேறுகின்றன. 1991இல் வெளியான ஓர் ஆய்வு தாராவியின் தனியார் மருத்துவர்கள் 100 பேரிடம் காசநோய்க்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டபோது 80 வெவ்வேறு மருந்து முறைகள் விடையாக வந்தன. தவறான ஒவ்வொரு சீட்டும் கிருமிக்கு ஒரு தேர்வு. தேறிய கிருமியே அடுத்த நோயாளிக்குப் போகிறது. கொரோனாவின் டெல்டா வகை முதலில் தென்பட்டதும் நம் நாட்டில்தான், மகாராஷ்டிரத்தில்தான். இதைப் பத்தாம் வகுப்பில் படித்த பிள்ளை, அப்பாவின் மாத்திரை அட்டையை ஆறு மாதமும் எண்ணிப் பார்க்கும். படிக்காத பிள்ளைக்கு அது வெறும் மாத்திரை.

ஆகவே என் யோசனை சிறியது. தாராவி, செம்பூர், கோவண்டி கிளைகளின் படிப்பகங்களில், நீக்கப்பட்ட அந்தப் பாடத்தை ஞாயிறு மாலைகளில் நாமே நடத்துவோம். காசநோயிலிருந்து தொடங்கலாம், குரங்கு மூன்றாம் வாரத்தில் வரட்டும். பாடம் சொல்ல நம் பகுதிப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களைக் கூப்பிடுவோம். அவர்களுள் ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகிறவர் பலர். மாலையில் ஓய்வாகவே இருப்பார்கள். பங்குக் கோயிலின் மண்டபத்தைத் தர ஒரு குருவானவர் முன்வந்தால் தயங்காமல் அங்கேயே நடத்துவோம். துண்டறிக்கை கொடுக்கும் போதகரையும் அழைப்போம், கேள்வி கேட்கட்டும். பாடத்தைத் தமிழில் பெயர்த்து வைத்திருக்கிறேன். கைப்படி கட்சி அலுவலகத்தில் இருக்கிறது. கூர்ப்பு என்ற சொல்லையே எங்கும் இட்டிருக்கிறேன். பரிணாமமே வேண்டும் என்கிற தோழர்கள், அச்சுக்குப் போகுமுன் ஆசிரியர் குழுவுக்கு எழுதலாம்.